கதவு மூடியபின்

மகன் வீட்டுக்கு பாங்காக் வந்திருந்த அருணகிரி, பேத்தி நேத்ராவின் கையைப் பிடித்தபடி ரயிலுக்குக் காத்திருந்தார். வண்டி வந்ததும் கூட்டம் நெருக்கித் தள்ளியதில் பிடி நழுவி, அவள் மட்டும் உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து என்னவோ கத்தினாள். அங்கேயே நில்லுங்கள் என்றாளா, அடுத்த வண்டியில் வாருங்கள் என்றாளா, தெரியவில்லை.

“என் பேத்திங்க... சின்னப் புள்ள, தனியாப் போயிட்டா!” என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் பதறினார். அவள் புரியாமல் கைகூப்பினாள். 

நிற்க மனம் கேட்காமல் அடுத்த வண்டியில் ஏறினார். அது நகர்ந்தபோது, எதிர்த்தடத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. அதன் ஜன்னலோரம் நேத்ரா, யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, தாத்தா நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு! தாத்தா இங்க இருக்கேன்!” என்று கண்ணாடியைத் தட்டினார். பெட்டி முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.