ஒரு அம்பு குறையுது

"எடுத்தவன் நீதான்டா! என் ஷெட்டுக்குள்ள வேற எவன் வந்தான்?"

ரூபியின் காபிக் கடையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. வெர்னன் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். எதிரே டெல்மர், தட்டில் பாதி தின்ற இறைச்சிப் பப்ஸோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் அறுபத்தெட்டு வயது. ஒரே மர ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள்.

"பன்னிரண்டு அம்பு செஞ்சேன். இப்போ பதினொன்னுதான் இருக்கு. அதுவும் நீ வந்துட்டுப் போன மறுநாளே!"

"சரியா எண்ணிப் பாருடா."

"கண்ணுதான்டா போகுது, புத்தி போகல. திருட்டுப் பயலே!"

டெல்மர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு அது போதாதா? எடுத்திருப்பான், அதான் முழிக்கிறான் என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது.

ஒரு அம்புக்கா இவ்வளவு ரகளை என்று கேட்காதீர்கள். ஆலையை மூடிய பிறகுதான் வெர்னன் வில் பிடிக்கக் கற்றார். கப்பி, குறி பார்க்கும் கருவி எதுவும் இல்லாத, ஆள் உயர நெடுவில். ஹிக்கரி மரத்தைச் செதுக்கி அவரே செய்தது. வைக்கோல் கட்டில் எய்து எய்து விரலெல்லாம் காய்த்துப் போனது. மூன்று வருஷமாகக் காட்டில் போய் உட்கார்ந்தும் ஒரு மான்கூட விழவில்லை.

இப்போது கண்ணின் நடுவில் கறுப்பாக ஏதோ படர்கிறது. அடுத்த வருஷம் எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த வருஷம் விழுந்தால் உண்டு. இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை.

பன்னிரண்டு அம்புக்கும் ஒரே மாதிரி சிவப்பு வளையமும் மஞ்சள் வளையமும் தீட்டியிருந்தார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்று நேராகப் போகும், ஒன்று இடப்பக்கம் இழுக்கும். கண்ணை நம்ப முடியாததால், இறகுக்குக் கீழே கத்தியால் மெல்லிசாக வெட்டுப் போட்டு வைத்திருந்தார். முதல் அம்புக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு இரண்டு, அப்படியே பன்னிரண்டு வரை. அவருக்கும் அவர் கட்டைவிரலுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி அது. காணாமல் போனது ஏழாவது.

சனிக்கிழமை விடிகிற நேரம். "டெல்மர் வண்டியோட வாசல்ல நிக்கிறார்," என்றாள் மனைவி ஆர்லீன்.

"திருடனோட போகச் சொல்றியா?"

"வேற யார் ஓட்டுவா? இல்லேன்னா வீட்டுலயே கிடங்க."

போனார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதடா. மான் பயந்து ஓடிடும்," என்றார் டெல்மர். வெர்னன் சிரிக்கவில்லை.

கையைப் பிடித்து அவரை மரத்துப் பரணில் ஏற்றிவிட்டு, சரிவுக்குக் கீழே ஓடைக்கரையில் இருந்த தன் பரணுக்கு டெல்மர் தன் வில்லோடு போனார்.

பனிமூட்டம். வெகுநேரம் கழித்து ஒரு பழுப்பு நிழல் அசைந்தது. வெர்னன் ஓர் அம்பை உருவி, விரலால் தடவிப் பார்த்தார். மூன்று வெட்டு. நேராகப் போகிற அம்புதான். நாணை உதட்டோரம் வரை இழுத்து விட்டார்.

தொப்பென்று ஒரு சத்தம். நிழல் துள்ளி, ஓடைப் பக்கம் ஓடியது.

உடனே துரத்தக் கூடாது, அது வேட்டை முறை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். டெல்மர் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"கிழவா, சாதிச்சுட்டியேடா! கீழ விழுந்து கிடக்கு. வா."

ஓடைக்கரையில் அவர் கையை எடுத்து மானின் கழுத்தில் வைத்தார் டெல்மர். இன்னும் சூடு இருந்தது. வெர்னன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். டெல்மர் அம்பைப் பிடுங்கி, புல்லில் துடைத்து நீட்டினார்.

"இந்தா, உன் அம்பு. உன் சிவப்பு வளையம், உன் மஞ்சள் வளையம். நான் வில்லைத் தொடக்கூட இல்லை."

பழக்கத்தில் கட்டைவிரல் இறகுக்குக் கீழே போனது. தடவியது. திரும்ப முதலிலிருந்து தடவியது. வெர்னனின் அழுகை நின்றுவிட்டது.

"என்னடா ஆச்சு?"

"ஒன்னுமில்ல... டெல்மர், நாளைக்குக் காபிக் கடைக்கு வா. எல்லார் முன்னாலயும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அந்த அம்பு கிடைச்சிடுச்சு."

டெல்மர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "எங்கே?"

"என் ஷெட்டுலயேதான். பாழாப்போன கண்ணு, எனக்குத்தான் தெரியல."

"நான்தான் அப்பவே சொன்னேனே, சரியா எண்ணிப் பாருன்னு!" டெல்மர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்.

"எண்ணிட்டேன்டா," என்றார் வெர்னன். அவர் விரலுக்கடியில் ஏழு வெட்டு இருந்தது.