செம்மண் கிரகம்

சுங்கைப் பட்டாணி தியேட்டரில் மோகனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரையில் மூன்று விண்வெளி வீரர்கள் வேற்றுக் கிரகத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். கிரகம், அவள் ஊரான பாடாங் மேஹாவில் செம்பனை மரங்களை அழித்த செம்மண் வெளிதான். படம் பிடிக்க வந்த இடத்தில் ஆள் போதாமல், அவள் கணவன் யோகேந்திரனுக்கும் ஓர் உடையை மாட்டிவிட்டிருந்தார்கள்.

"இதுல மாமா யாருக்கா?" என்றான் தம்பி தயாளன்.

"பொறுடா, தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஹெல்மெட்ட மாட்டிட்டா எல்லாம் ஒரே மாதிரிதான் லா. நல்லா நடிச்சாரு, போ!"

படம் முடியப்போகிறதே என்று அவள் சீட்டின் நுனிக்கு நகர்ந்தாள்.

வீரர்கள் விண்கலத்துக்கு ஓடினார்கள். கடைசியாக வந்தவன் ஏணியருகே நின்று, பூட்ஸைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு ஏறினான்.

தியேட்டரே சிரித்தது. "டேய், அது என்னா கோயிலாடா?" என்று பின்னால் ஒருவன் கத்தினான்.

"அவருதான்டா," என்றாள் மோகனா.

கலம் பறந்தது. பூட்ஸ் செம்மண்ணிலேயே கிடந்தது.

தயாளன் மெல்ல அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். கருமாதி முடிந்து மூன்று மாதமாகியும், யோகேந்திரன் வாசலில் கழற்றி வைத்த செருப்பை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.