போன் யாருடைய பெயரில்?

முதலில் குழாயை வெட்டினார்கள்.

இரண்டாவதாக, பொதுக் கக்கூஸின் சுவரை இடித்தார்கள்.

மூன்றாவதாக, பிறிஜெற் ஞாயிறு பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளுடைய குசினியை அடுப்போடு சேர்த்துத் தரைமட்டமாக்கினார்கள்.

நான்காவதாக, அதைப் போனில் படமெடுத்த பக்கத்து வீட்டுப் பொடியன் றமேஷை பொலிஸ் ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபிறகு அவன் யாரோடும் கதைப்பதில்லை. அவன் எடுத்த படத்திலோ ஒரு முகமும் விளங்கவில்லை.

முகத்துவாரத்தில் ஆற்றோரம் எங்கள் வீடுகள் முப்பத்தெட்டு. நிலம் ஒரு மாடிவீட்டுக் கம்பனிக்கு வேண்டும்; இடிக்கிறவர்கள் அதன் ஆட்கள். வருகிற திங்கட்கிழமை வீடுகளையே இடிக்க வருவார்களாம்.

சட்டத்தரணி சொல்லிவிட்டார்: "தூரத்திலிருந்து எடுத்தாலும் முகம் தெரியிற போன் வேணும். அது என்ர போன்தான் எண்டு பில்லோட கோர்ட்டுக்கு வர ஒரு ஆள் வேணும். பேரில்லாத படத்தை வச்சு நான் என்ன செய்யிறது?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையில் நபீஸின் போன் கடையில் நின்றோம். நான், றேமண்ட், பழனியம்மா.

முப்பது வருடமாகத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறவன் நான். அடியில் 'பொதுமக்கள்' என்று மட்டும் போடுவேன். தனிமனிதப் பெயர் போராட்டத்துக்கு அழகல்ல என்பது என் கொள்கை.

"யேசுரட்ணம் அண்ணே, இவள் ஏன் வந்தவள்?" என்று றேமண்ட் காதுக்குள் கேட்டான்.

"வீட்டுக்கு வீடு காசு போட்டிருக்கு. பெம்பிளையள் சார்பில ஒராள் வரவேணுமாம்."

"ஸ்டேஷனுக்கு இடியப்பம் குடுக்கிறவள். இங்க கதைக்கிறது நாளைக்குக் காலமை அங்க போயிரும்."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. றமேஷ் உள்ளே இருந்த மூன்று நாளும் அவள் கூடையோடு ஸ்டேஷனுக்குள் போய் வந்ததை நானே பார்த்தேன். அன்றிலிருந்து அவள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன்.

நபீஸ் இரண்டு போன்களைக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று கறுப்பு, மற்றது நீலம்.

"விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான். நீலத்துக்கு பெட்டரி ரெண்டு நாள் நிக்கும். கறுப்புக்கு கெமராதான். ரோட்டுக்கு அங்கால பிடிச்சுப் பாருங்க."

றேமண்ட் நீலத்தை நீட்டிப் பிடித்தான். எதிர்ப் பக்கத்தில், தேத்தண்ணிக் கடை வாசலில், மோட்டார் சைக்கிளோடு ஒருவன் நின்றான். பெரிதாக்கியதும் முகம் கலங்கிப் போனது.

கறுப்பை எடுத்தான். முகம் திரையை நிறைத்தது. மீசை தெரிந்தது. தாடையில் ஒரு தழும்பு தெரிந்தது.

அந்த முகம் திரும்பி எங்களைப் பார்த்தது.

றேமண்ட் போனை நெருப்பைத் தொட்டவன்போல் வைத்தான். "அண்ணே, நாங்கள் பஸ்ஸால இறங்கேக்கையும் இவன் நிண்டவன்."

யாரென்று தெரியாது. தெரியாததே போதுமாக இருந்தது.

"எதை எடுக்கிறீங்க?" என்றார் நபீஸ். "பில்லுக்குப் பேரும் அடையாள அட்டை நம்பரும் வேணும். போன் நம்பரோட சேர்த்து எழுதித்தான் குடுப்போம்."

நான் நீலத்தைத் தூக்கினேன். "இது எவ்வளவு பாரம்?"

சொன்னார்.

"தண்ணி பட்டா என்ன செய்யும்?" என்றான் றேமண்ட்.

சொன்னார்.

"கறுப்புக்கு மெமரி காட் போடலாமோ?"

"போடேலாது."

"அது ஒரு குறைதானே," என்றேன். "ஆறுதலா யோசிக்க வேணும்."

"வெள்ளவத்தையில ஒரு கடை இருக்கு, அங்கயும் ஒருக்கா கேப்பம்," என்றான் றேமண்ட்.

"அண்ணன், முக்கா மணித்தியாலமா ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்கிறீங்க," என்றார் நபீஸ். "கலியாணத்துக்குப் பொண்ணு பாத்தாலும் இவ்வளவு பாக்க மாட்டாங்க."

நான் சிரிக்கவில்லை. "றேமண்ட், உன்ர பேரில போடன். நீ இளம் ஆள்."

"எனக்கு ரெண்டு பிள்ளையள் அண்ணே. நீங்கள்தானே எங்கட சங்கத்துக்குத் தலைவர்."

"தலைவர் உள்ள போனா ஆர் எழுதுறது?"

அதுவரை வாய் திறக்காத பழனியம்மா முன்னால் வந்தாள்.

"முகம் தெரியுறது எதுங்க?"

"கறுப்பு," என்றார் நபீஸ்.

"அப்ப அதக் குடுங்க. பாரத்தயும் தண்ணியயும் கேட்டு என்னா செய்ய?" சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அடையாள அட்டையை அவிழ்த்துக் கண்ணாடி மேல் வைத்தாள். "என் பேர எழுதுங்க."

றேமண்ட் என்னைப் பார்த்தான். ஆனாலும் நான் விடவில்லை.

"ஸ்டேஷனில உன்னை எல்லாருக்கும் தெரியும், பழனியம்மா."

"தெரியுந்தாங்க. றமேஷ் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோக அவுங்க அம்மாவே பயந்துச்சு. நீங்களும் யாரும் வரல. மூணு நாளும் பொலிசுக்காரங்களுக்குக் குடுத்த பார்சலோட தம்பிக்கும் ஒரு பார்சல் கட்டி, அவுங்கள்ட்ட கேட்டு உள்ள அனுப்புனது நான்தான். எனக்கும் பயம்தாங்க. ஆனா கூப்புட்டா எந்த பெஞ்சில உக்காரணும்னு எனக்குத் தெரியும்."

அவள் அட்டையை நபீஸின் பக்கம் தள்ளினாள்.

நபீஸ் எழுதினார். "பிழை வந்தா பிறகு மாத்தேலாது. வாசிக்கிறன், சரியா எண்டு கேளுங்க. இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

"கொஞ்சம் சத்தமா வாசிங்க," என்றாள் பழனியம்மா, ரோட்டின் எதிர்ப் பக்கத்தைப் பார்த்து. "அங்க நிக்கிறவருக்கும் கேக்கட்டும்."

நபீஸ் பில்லைக் கையில் எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"முத்துக்கருப்பன் பழனியம்மா."