கோழிக்குள் ரொட்டி

“இன்னும் ரெண்டு எட்டு அங்கிட்டுத் தள்ளி நின்னு சொல்லு ராக்கா. ஒன் நெழலு அடுப்படியில விழுகுது.”

ராக்கன் தள்ளி நின்றான். கொல்லை வெயிலில் நின்று அவன் சொல்லச் சொல்ல, ஜன்னலுக்கு உள்ளே அடைக்கலமேரி சமைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மகளுக்கு அன்று தலைக் கிறிஸ்துமஸ். மாப்பிள்ளை கொழும்பில் கம்பெனி குமாஸ்தா. அங்கே துரை வீட்டு விருந்தில், கோழி வயிற்றுக்குள் ரொட்டியை அடைத்துச் சமைத்ததை ஒருமுறை தின்றாராம். அந்த ருசியை இரண்டு பக்கத்துக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். மாமனார் பெரியநாயகத்துக்கு அது போதாதா? கீரனூர் வட்டாரமே காணாத அந்தக் கோழியைச் சமைத்துப் போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

அந்தச் சமையல் தெரிந்த ஒரே ஆள் ராக்கன். புதுக்கோட்டையில் இஞ்சினீயர் துரை பங்களாவில் சமையல்காரன். ஞானஸ்நானத்தில் ராயப்பன் என்று பெயர் வைத்தும் ஊர் அவனை ராக்கன் என்றேதான் கூப்பிட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே வேதம், ஒரே மாதா. ஆனாலும் கோயிலுக்குள் அவன் சனத்துக்குத் தனி இடம்தான்.

“வாயால சொல்லிக் குடு, போதும். எதுலயும் கை படக் கூடாது” என்று பெரியநாயகம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

ரொட்டி விஷயத்திலும் அவர் அசந்துவிடவில்லை. ராக்கனைக் கொண்டுவரச் சொல்லாமல், தன் வீட்டு ஆள் ஆண்டிச்சாமியைப் புதுத் துண்டோடு பங்களாவுக்கு அனுப்பினார். அவன் பங்களா ரைட்டரிடம் ரொட்டியை வாங்கி, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்து சேர்த்தான்.

“தொரைமார் ரொட்டியெல்லாம் மிஷின்ல சுடுறது. மனுசக் கையே படாது” என்று மனைவிக்கு விளக்கினார் பெரியநாயகம்.

“அவுத்ததும் அடிப்பக்கத்தைச் சீவிருங்கம்மா, கருகியிருக்கும்” என்றான் ராக்கன்.

அடைக்கலமேரி துண்டை அவிழ்த்தாள். கருகித்தான் இருந்தது. சீவிவிட்டு, ரொட்டியைப் பிய்த்து உதிர்த்தாள்.

சின்ன வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கச் சொன்னான். கோழியின் ஈரலைப் பொடியாக அரிந்து போடச் சொன்னான். மிளகும் கொத்தமல்லியும் முட்டையும் சேர்த்து, ரொட்டியோடு பிசறி, கோழி வயிற்றில் அடைத்து, ஊசி நூலால் தைக்க வேண்டும்.

“உப்பு பாக்கணுமே, ராக்கா?”

“இந்தக் கையில போடுங்கம்மா.”

அவள் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, எட்ட இருந்தே அவன் உள்ளங்கையில் பிசறியதில் ஒரு சிட்டிகை போட்டாள். அவன் நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்றான்.

இதற்கெல்லாம் அவன் கூலி கேட்கவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு சிபாரிசுக் கடிதம். மகள் செவந்திக்குப் பதினொரு வயது. தாய் போன நாளிலிருந்து பங்களா அடுப்படியில் அப்பனோடு அவளும் புகை தின்றுகொண்டிருக்கிறாள். அவளைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் தங்கிப் படிக்கச் சேர்க்க வேண்டும். பள்ளிக் கமிட்டியில் பெரியநாயகம் வைத்ததுதான் சட்டம்.

“சாப்பாடு மட்டும் நல்லா அமையட்டும், எழுதித் தாரேன்” என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

சட்டியை மூடி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போட்டார்கள். உச்சிப்பொழுதுக்கு வாசனை தெருவுக்கே போய்விட்டது.

பந்தியில் நடந்ததெல்லாம் கொல்லையில் நின்ற ராக்கனுக்குக் காதில் விழுந்தது.

“மாமா, கொழும்புல கூட இப்படி அமையல! கோழி இருக்கட்டும், அந்த ரொட்டிய இன்னும் ரெண்டு அகப்பை வைக்கச் சொல்லுங்க.”

“எனக்கும் வையி மேரி” என்று பெரியநாயகத்தின் குரல் கேட்டது. சட்டியைச் சுரண்டும் சத்தமும் கேட்டது. ராக்கனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளுக்குப் பெட்டி வாங்குவதா, பாவாடை வாங்குவதா என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

பெரியநாயகம் கை கழுவக் கொல்லைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையும் வந்தார்.

“ஐயா, அந்தக் கடுதாசி...”

“எழுதலாம்னுதான்டா நெனச்சேன்.” பெரியநாயகம் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். “ஆனா அங்க புள்ளைக மொறை வச்சுல்ல சமைக்குதுக? ஒம் மக மொறை வந்தா எங்க புள்ளைக என்ன செய்யும்? அடுத்த வருசம் பாப்போம்.”

“சுத்தமாச் செய்வாங்கய்யா. நான் பழக்கியிருக்கேன்.”

“சுத்தம் யாருக்குடா வேணும்? அவ கை பட்டது எங்களுக்குத் தொண்டையில எறங்குமா? நீயே சொல்லு.”

மாப்பிள்ளை ‘ஆமாம்’ என்பதுபோல் தலையாட்டிக்கொண்டே பல்லைக் குத்தினார். கடிதத்துக்காக ஒரு விஷயத்தில் மட்டும் காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டு நின்றவன் ராக்கன். இனி மூடிக்கொண்டு என்ன கிடைக்கப் போகிறது?

தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இருவரையும் நிமிர்ந்து பார்த்தான்.

“நல்லாத்தான் எறங்குச்சுங்கய்யா. அந்த ரொட்டிக்கு மாவு பெசஞ்சதே அவதான்.”