நாற்பத்து மூன்று கோடுகள்

"கமிஷன் எவ்ளோன்னு நேராவே கேளும்மா. இன்னாத்துக்குச் சுத்தி வளைக்கிற?"

பெருமாள் சிரித்தார். எதிர் இருக்கையில் படிவத்தை மடிமேல் விரித்திருந்த மமதாவுக்கு முகம் சிவந்துபோனது. காலை ரயில் பங்காருபேட்டையை விட்டுக் கிளம்பியிருந்தது.

மமதா கோலார் தங்க வயலின் நந்திதுர்க் பகுதிப் பெண். பெங்களூரில் சமூகவியல் ஆராய்ச்சி செய்கிறாள். தங்க வயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறவர்களுக்கு யார் மூலம் வேலை கிடைத்தது என்பதுதான் தலைப்பு. இந்த மூன்றாம் பெட்டியில் மட்டும் அறுபது பேரைக் கேட்டுவிட்டாள். ஒருவருக்குக்கூட மாமன் மச்சான் வாங்கிக் கொடுத்த வேலை இல்லை. மாமன் மச்சான்களும் அதே தெருவில் வேலை இல்லாமல்தானே உட்கார்ந்திருந்தார்கள்! "ரயில்ல வர்ற பெருமாள் அண்ணா சொன்னாரு" என்று நாற்பத்து மூன்று பேர் சொன்னார்கள். அவள் வரைந்த படத்தில் நாற்பத்து மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் போய் முட்டின.

"ஆதாயம் இல்லாமல் எவனும் அடுத்தவனுக்கு வேலை சொல்ல மாட்டான். அந்த ஆளின் ஆதாயம் என்னவென்று கண்டுபிடி. இல்லாவிட்டால் என் கையெழுத்து கிடையாது" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். வெள்ளிக்கிழமை கெடு. இன்று வியாழன்.

அந்தப் புள்ளி இப்போது அவள் எதிரில் உட்கார்ந்திருந்தது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மடியில் டிபன் பை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"சரி, மொத கேள்வி. உங்களுக்கு இன்னா வேலைண்ணா?"

"அத்த கடைசியில வெச்சிக்கோ. இன்னொண்ணு, நீ ஒண்ணு கேட்டா நான் ஒண்ணு கேப்பேன். சம்மதமா?"

"ரெண்டுக்கு ஒண்ணு."

"ஒண்ணுக்கு ஒண்ணு. கட்டுப்படியாவலன்னா மாலூர்ல எறங்கிக்கோ."

பேரம் படிந்தது.

"கமிஷன் எவ்ளோ?"

"மொத சம்பளம் வாங்கினா ஒரு பொட்லம் வேர்க்கடல. அதையும் பெட்டியே காலி பண்ணிடும். இப்ப என் டர்ன். ஒனக்கு எத்தினி பாஷ எழுதப் படிக்கத் தெரியும்?"

"தமிழ், கன்னடம், இங்கிலீஷ். தெலுங்கு பேசுவேன்." அவள் விடவில்லை. "உங்க ஆபீஸ் ஒயிட்ஃபீல்டுன்னு ஒருத்தர் சொல்றாரு. இதே பெட்டியில வர்ற ஏனோக் அண்ணா உங்கள கன்டோன்மென்ட்ல பாத்திருக்காரு. செவ்வாக்கெழம நீங்க கே.ஆர்.புரத்துல எறங்கினத நானே பாத்தேன். மொத்தம் எத்தினி எடத்துல ஏஜென்சி வெச்சிருக்கீங்க?"

பக்கத்தில் இருந்த பியூலா குலுங்கிச் சிரித்தாள். ஆஸ்பத்திரி லேபில் அவள் பார்க்கும் வேலையும் பெருமாள் சொன்னதுதான். "அப்டியாண்ணா? ஊரு ஊருக்கு பிராஞ்ச் போட்டுட்டு எங்கக்கிட்ட மறைக்கிறீங்களா?"

"போடி இவளே! கால் போற எடத்துல எறங்குவேன், அவ்ளோதான்." மமதாவின் பக்கம் திரும்பினார். "வெயில்ல வீதி வீதியா நடக்க முடியுமா ஒன்னால?"

"இந்த ஒரு மாசமா அதானே பண்றேன்." மாட்டு வியாபாரி பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி இருந்தது அவளுக்கு. "ஊருக்கெல்லாம் வேலை சொல்றீங்களே, உங்களுக்கு அதுல இன்னா லாபம்?"

பெருமாள் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் நம்மூரு மைசூர் மைன்ஸ் சுரங்கத்துல அண்டர்கிரவுண்டு வேல பாத்தவன். ஷிப்ட் முடிஞ்சா சும்மா கூண்டு லிப்ட் ஏறி மேல வந்துட மாட்டோம். எங்க கல்லு லூசா கீது, எங்க வேலை ஓடும்னு அடுத்த ஷிப்ட்காரன் காதுல போட்டுட்டுத்தான் வருவோம். சுரங்கத்த மூடிட்டாங்க, பழக்கம் போவல. சோத்துக்குக் கவலையில்ல. வீட்ல சம்சாரம் கிருஷ்ணம்மா ரெண்டு தையல் மெஷின் போட்டுக்கினு கீது. லாபத்துக்கு நான் எங்க போறது?"

மமதாவின் பேனா நின்றது. அவர் மேல் மரியாதை வந்தது; ஆனால் மரியாதையைப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்க முடியாது.

"என் டர்ன். இந்த ஆராய்ச்சி முடிஞ்சா இன்னா பண்ணப் போற?"

வீட்டில்கூடச் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். "தெரியலண்ணா. நாளையோட உதவித்தொகை நின்னுடும். எட்டு எடத்துக்கு எழுதிப் போட்டேன். ஒருத்தரும் கூப்பிடல."

பையப்பனஹள்ளி நெருங்கியது. பெருமாள் ஃபைலைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"சிவாஜி நகர்ல ஒரு ஆபீசு. வீடு வீடாப் போயி, இன்னா வரும்படி, சர்க்கார் உதவி வந்து சேருதா, கஷ்டம்னா யாரு கை கொடுக்கறாங்கன்னு கேட்டு எழுதணுமாம். மூணு பாஷ தெரிஞ்சிருக்கணுமாம். திங்கக்கெழம போயிப் பாரு."

மமதா திகைத்தாள். "என்கிட்டப் பேச ஆரம்பிச்சே ஒரு மணி நேரந்தான் ஆவுது. அதுக்குள்ள எனக்காக எப்பண்ணா போயிக் கேட்டீங்க?"

"ஒனக்காக எங்கம்மா கேட்டேன்? எனக்காகத்தான் நேத்து போயி நின்னேன். வயசு முப்பதுக்குள்ள இருக்கணும்னுட்டாங்க. சரி, நான் வேணாம், வேற எந்த மாதிரி ஆளு வேணும்னு வெவரமாக் கேட்டுக்கினு வந்தேன்."

"அப்போ... அந்த நாப்பத்து மூணும்?"

"எல்லாம் என்னை வேணாம்னு அனுப்பின எடந்தான்."

ரயில் நின்றது. பெருமாள் இறங்கி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ஜன்னல் வழியாக அவள் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"மொத கேள்வி காலியா கீது பாரு. 'பதினோரு வருஷமா வேலை தேடறாரு'ன்னு எழுதிக்கோ."