நாளை எடுக்கவும்

அந்த வார்த்தையைச் சொல்லியும் போன் அடிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் "இன்னைக்கு வேலையே இல்ல" என்று யாரும் வாய்விடக் கூடாது. விட்டால் அடுத்த நொடி எட்டு போனும் சேர்ந்து அலறும் என்பது அங்கே எழுதாத சட்டம். அன்று காலை ஷிப்டுக்குத் தலைவியான பெரியக்காவே வாய் தவறி அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எட்டுப் பேரும் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் அடிக்கவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல உடம்பு தேறிடுச்சு போல" என்றார் பெரியக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். பழுதான பிரிண்டரை மாற்றிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். நெட்வொர்க் என் பொறுப்பு. மடிக்கணினியில் எல்லா விளக்கும் பச்சையாக இருந்தன.

பத்து ஐம்பதுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் சட்டையில் இரண்டு பொத்தான் பிய்ந்திருந்தது.

"என்னக்கா, போனையே எடுக்க மாட்டீங்களா? நடு ரோட்டுல வண்டிய மறிச்சு என் சட்டையப் பிடிக்கிறாங்க!"

பெரியக்கா தன் கைபேசியை எடுத்து அவசர எண்ணை அழுத்தினார். அறையில் ஒரு போனும் அசையவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போயே போய்விட்டது. என்னைப் பார்த்தார்.

கடைசி அழைப்பு வந்தது ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு. ஐம்பத்திரண்டு நிமிடம். ஐயோ என்று நானே சத்தமாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

தொலைபேசி நிலையத்தில் இருக்கும் ரவுட்டருக்குள் மடிக்கணினி வழியே நுழைந்தேன். ஊராரின் அழைப்புகளை எங்கள் அறைக்கு அனுப்பும் பெட்டி அது. அழைப்பு வர இரண்டு வழி உண்டு, பழைய கேபிள் ஒன்று, புதிய கேபிள் ஒன்று. புதியது கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. ஆனால் அதில் ஒரு அழைப்பும் வரவில்லை.

ஒரே இடத்துக்கு இரண்டு வழி சொல்லப்பட்டால் எதை நம்புவது என்பதற்கு ரவுட்டரிடம் ஓர் எண் இருக்கிறது. எண் சிறியதென்றால் நம்பிக்கை பெரியது. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக் கண்டுபிடித்த வழிக்கு நூற்றுப்பத்து. ஒரு மனிதன் கையால் எழுதிவைத்த வழிக்கு ஒன்று. மனிதனை அது அவ்வளவு நம்புகிறது, பாவம்.

அந்த ரவுட்டரில் கையால் எழுதிய வரி ஒன்று கிடந்தது. அழைப்புகள் எல்லாம் பழைய கேபிளில் போகட்டும் என்று.

பழைய கேபிளை அன்று காலை எங்கோ பள்ளம் தோண்டிய இயந்திரம் அறுத்துப் போட்டிருந்தது. அடுத்த பெட்டி வரை கம்பி உயிரோடு இருந்ததால் ரவுட்டருக்கு அது தெரியவில்லை. மற்ற பெட்டிகள் புதிய கேபிளைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் பேச்சை அது காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வந்த அழைப்பையெல்லாம் அறுந்த கேபிளில் கொட்டிக்கொண்டே இருந்தது.

வரியின் பக்கத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம், நாளை எடுக்கவும். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

யார் எழுதியது என்று நான் தேடவில்லை. நான்தான் எழுதினேன்.

அழித்தேன். ஒரு நொடி வேலை. எட்டு போனும் சேர்ந்து அலறின.

தொலைபேசி நிலையத்திலிருந்து தவறிய அழைப்புகளின் பட்டியல் வந்தது. நான் மாட்டிய புதிய பிரிண்டரில் முதலில் அச்சானது அதுதான். நூற்றுச் சொச்சம் எண்கள். ஒரு எண் மட்டும் பத்தொன்பது முறை. கடைசி முயற்சி பத்து இருபத்தாறுக்கு, அதற்குப் பிறகு இல்லை.

பெரியக்கா அந்த எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. ஒரு ஆண் குரல், ரொம்ப மரியாதையாகப் பேசியது.

"இப்ப அவசரம் ஒண்ணும் இல்லீங்க."

வைத்துவிட்டார்.

பெரியக்கா தாளில் அந்த எண்ணின் மேல் பேனாவால் கோடு போட்டார். பிறகு என் தோளில் கைவைத்து, "நல்லவேளை, நீயாவது இங்க இருந்தியேப்பா" என்றார். அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

மாலையில் அறிக்கைப் படிவம் வந்தது. வரியை எழுதியவர் யார் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஏன் நீக்கப்படவில்லை என்று அடுத்த கட்டம். 'மறதி' என்று எழுதினேன்.

பொய்.

மூன்று வருடத்துக்கு முன் புதிய கேபிளை இணைத்த அன்று எல்லாம் குளறுபடியாகி, இதே போல் போன்கள் செத்துக் கிடந்தன. அவசரத்துக்குத்தான் அந்த வரியை எழுதினேன். எழுதி முடித்ததும் முதல் போன் அடித்தது. எடுத்த பெண் முகவரியைத் திருப்பிச் சொன்னாள். என் வீட்டு முகவரி. என் மனைவிக்கு நிறைமாதம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார் டாக்டர்.

மறுநாள் அந்த வரியை அழிக்க உட்கார்ந்தேன். கை வரவில்லை. போன வருடமும் ஒருமுறை உட்கார்ந்தேன், அப்போதும் வரவில்லை. ஒரு வரிதானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் மகள் ஓடிவந்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள்.

கை வரவில்லை.