குனியக் கூடாது

"குனியாதடா! குடத்தைக் கீழே வை!"

ஜெபகனி ஓடிவந்து தம்பி சத்தியநாதனின் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கினாள்.

"ஒரு குடந்தானே அக்கா!"

"டாக்டர் இன்னா சொல்லி அனுப்பினாரு? தலையைக் குனிஞ்சாலும், மூச்சைப் பிடிச்சுப் பாரம் தூக்கினாலும் கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தியாகும். நரம்பு செத்துடும். போன பார்வை திரும்பாதுடா."

ஆறு வருடமாக ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியிலிருந்து ஈரத்தோல்களைக் குனிந்து குனிந்து தூக்கியவன் அவன். விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான். அவ்வளவுதான். மறுநாளே அவனை ரயிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள் ஜெபகனி.

மேஸ்திரி நிசார் அஹமது இரக்கப்பட்டு அவனை வாசல் காவலில் உட்காரவைத்தார். இருவர் கூலியும் சேர்ந்தும் இரண்டு வயிறு நிறையாது. அதுவரை அங்கேயே தோலுக்கு ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்த ஜெபகனி, குழியில் அவன் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சுண்ணாம்பில் அவள் விரல்கள் வெடித்துப் போயின.

"ஆம்பளை நான் உக்காந்திருக்கேன், நீ தோல் தூக்குறே. வெக்கமா இருக்கு அக்கா."

"இந்த வீட்டுக்கு ஒரு ஜோடிக் கண்ணு போதும். அதைக் காப்பாத்திக்க. நிமிரு, மருந்து விடணும்."

வெடித்த விரலால் அவன் புருவத்தைத் தடவிப் பார்த்து, சொட்டு மருந்தை விட்டாள்.

மூன்று மாதம் கழித்து அவன் மறுபடியும் தனியாகவே வேலூர் போனான். டாக்டர் அவன் விழிமேல் சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார்.

"அழுத்தம் நல்லா கம்மியாயிருக்கு. பாரம் தூக்கறதில்லையே?"

"அக்கா ஒரு செம்பைக்கூடத் தூக்க விடறதில்லீங்க. என் குழி வேலையையும் அவங்களே செய்றாங்க."

"ஆம்பூர்னு சொன்னே இல்ல? அக்கா பேர் என்ன?"

"ஜெபகனிங்க."

டாக்டரின் பேனா நின்றது. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்துவந்தார்.

"போன வருஷம் இங்கே வந்தாங்க தம்பி. வலது கண் அப்பவே போயிருந்தது. இடது கண்ணாவது மிஞ்சணும்னா இனிமே எதையும் தூக்கக் கூடாதுன்னு சொன்னேன். எழுந்து போனவங்க, திரும்பி வரவேயில்லை."